மாமாவின் கணினிக்கு ஓர் எளிய காவல்

ஒரு வேலையை எளிதாக்குவதற்கென்றே ஒரு வாரியம் அமைத்துவிட்டால் அந்த வேலை இந்த ஜென்மத்தில் நடக்காது. பாவம், திரைச்சீலை தைப்பவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஜன்னலை அளந்து, துணியை வெட்டி, வளையம் கோத்து மாட்டிவிட்டு வருவது அவர் பிழைப்பு. ஜன்னலை மூடினால் வெளியே நிற்பவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது, விஷயம் அத்தோடு முடிந்தது. உலகம் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார்.

அவருடைய தாய்மாமா பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு தனியாகவே இருந்தார். ஒரே மகள் கடல் தாண்டி வேறு தேசத்தில் நிறைமாதமாக இருந்தாள். ரத்த அழுத்தம் நிலையாக இல்லை, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று அங்கே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமாவிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைபேசி, அதில் மகளின் முகம் தெரியாது. அதனால் அவள் வாங்கி வைத்துவிட்டுப் போன மடிக்கணினியின் முன்னால் தினமும் சாயங்காலம் முகம் கழுவி, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பச்சைப் பொத்தான் வந்தால் அழுத்த வேண்டும், பேசி முடிந்ததும் மூட வேண்டும். கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் அவர் திரைச்சீலைக்கார மருமகனைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாப்ளே, இதுக்குள்ள எவனோ உட்கார்ந்திருக்கான்."

"எவன் மாமா?"

"பேரெல்லாம் சொல்லல. போன வாரம் வெக்கைக்குச் சட்டையைக் கழட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். மேல இந்தச் சின்ன விளக்கு தானா எரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல பனியன் விளம்பரம் வருது. அதுவும் சரியா என் அளவுக்கு."

திரைச்சீலைக்காரர் குனிந்து பார்த்தார். கேமராவின் மேல் மாமா காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருந்தார்.

"இதை ஒட்டினா அவளுக்கு என் முகம் தெரியல. அப்பா, ஏன் இருட்டுல இருக்கீங்க, உடம்பு சரியில்லையான்னு அழறா. அழுதா பிரஷர் ஏறுது. பிச்சு எடுத்துட்டா அந்த நாய் எங்க ரெண்டு பேரையும் பார்க்கிறான். என் பொண்ணு படுக்கையில கிடக்கிறதைக் கண்டவனும் பார்க்க நான் விடமாட்டேன். ரெண்டு நாளா திறக்கவே இல்லை."

சொல்லி முடித்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரைச்சீலைக்காரருக்குத் தாங்கவில்லை. "கவலைப்படாதீங்க மாமா, கடையில ஒரு காவல் புரோகிராம் வாங்கிப் போட்டா முடிஞ்சுது. பிரசவத்துக்கு முன்னாடி நீங்க பொண்ணு முகத்தைப் பார்ப்பீங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுப்பதற்கு அவர் பழக்கப்பட்டவர் அல்ல, ஆனால் அன்றைக்கு ஊதினார்.

கடையில் சுவர் முழுக்கப் பெட்டிகள். எல்லாப் பெட்டியிலும் 'எளிது' என்று போட்டிருந்தது. சிலவற்றில் 'மிக எளிது'. ஒன்றில் 'எளிதினும் எளிது' என்று எழுதி, அதைப் பயன்படுத்தும் முறையை விளக்க ஒரு தடித்த புத்தகத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். திரைச்சீலைக்காரர் நடுத்தரமாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவில் வைத்தார்.

"யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

"மாமாவுக்கு. வயசானவர், கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாது."

கடைக்காரர் பெட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர் தெரியாத சொந்தக்காரங்களுக்கு நேரடியா விக்கக் கூடாதுங்க. புது உத்தரவு. அவங்களுக்கு எது சுலபம்னு எளிய பாதுகாப்பு வாரியம்தான் முடிவு பண்ணணும்."

"எனக்குத்தான்னு சொல்லி வாங்கிக்கலாமா?"

"வாங்கலாம். ஆனா உங்களுக்கு மாமாவே இல்லைன்னு உறுதிமொழி கொடுக்கணும்."

உயிரோடு இருக்கிற மாமாவை இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வாரியத்துக்குப் புறப்பட்டார்.

எளிய பாதுகாப்பு வாரியம் நான்கு பக்கமும் கண்ணாடி போட்ட உயரமான கட்டடம். ஒரு ஜன்னலுக்குக்கூடத் திரை கிடையாது. தெருவில் போகிறவன் நினைத்தால் எந்த அதிகாரி எந்தக் காதைக் குடைகிறார் என்பதை நின்று நிதானமாகப் பார்க்கலாம். திரைச்சீலைக்காரரின் கை தன்னையறியாமல் அளவு நாடாவைத் தேடியது.

வாசலில் இருந்த காவலர் அவருடைய கைபேசியை வாங்கி உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பிறகு, "உங்க போனுக்கு ஒரு எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க" என்றார்.

"போன் உங்ககிட்ட இருக்குதே."

"உள்ள கொண்டு போகக் கூடாது, அதனால வாங்கி வச்சிருக்கேன்."

"அப்போ எண்ணை நான் எப்படிப் பார்க்கிறது?"

"நீங்க ஏன் பார்க்கணும்? அந்தச் சிரமம் வேண்டாம்னுதானே என்னைப் போட்டிருக்காங்க." காவலர் பெட்டியைத் திறந்து, கைபேசியை எடுத்து, எண்ணைப் பார்த்துத் தானே பதிந்துகொண்டார். அப்படியே 'சம்மதம்' என்று வந்த இடத்திலெல்லாம் வரிசையாக அழுத்திக்கொண்டே போனார்.

"எதுக்குங்க சம்மதம்?"

"எல்லாத்துக்கும்தான். முன்னெல்லாம் ஒவ்வொண்ணா கேட்டுட்டிருந்தாங்க. ஜனங்க கஷ்டப்பட்டாங்க. இப்ப எளிமைப்படுத்திட்டாங்க."

உள்ளே எளிமை அலுவலர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஓர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமிக்கொள்வதற்கே தனியாக நேரம் ஒதுக்கியிருந்தவர். திரைச்சீலைக்காரர் சொன்னதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டு முடித்த முகத்தோடு ஆரம்பித்தார்.

"முன்னாடி என்ன நடந்துச்சு தெரியுமா? ஒருத்தர் கடைக்குப் போவார், ஒண்ணை வாங்குவார், வீட்டுல போட்டுக்குவார், வேலை முடிஞ்சிடும். எவ்வளவு சிக்கலான நிலைமை பாருங்க. எங்களுக்கு அதுல எந்தப் பங்கும் இல்லை. மக்களை இப்படி அநாதையா விடலாமான்னு யோசிச்சுத்தான் வாரியமே வந்துச்சு. சரி, உங்க மாமாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"நான் சொல்றேனே மேடம்."

"நீங்க சொல்வீங்க. எல்லாரும் அவங்கவங்க மாமாவைப் பத்தி அப்படித்தான் சொல்றாங்க. அறியாமைத் தேர்வு எழுதட்டும். கூட்டிட்டு வாங்க."

மறுநாள் மாமா தேய்த்த சட்டையோடு வந்து தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்தார். தேர்வு கணினியில்தான் நடந்தது. கணினியை இயக்கத் தெரிந்தவர்களுக்கு அறியாமை போதாது என்று வெளியே அனுப்பினார்கள். இயக்கத் தெரியாதவர்கள் தேர்வுக்கே வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். இரண்டு கூட்டமும் படிக்கட்டில் சந்தித்து ஒருவரையொருவர் பேந்தப் பேந்தப் பார்த்துக்கொண்டன. மாமாவுக்கு வயது கருதி வாய்மொழித் தேர்வுக்குச் சலுகை கிடைத்தது.

"அறிமுகமில்லாத ஒருத்தர் உங்க பாஸ்வேர்டைக் கேட்டா என்ன செய்வீங்க?" என்றார் எளிமை அலுவலர்.

"சொல்ல மாட்டேன்."

அலுவலரின் பேனா நின்றது. "இதை யாரு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"இதுல சொல்லிக் கொடுக்க என்னம்மா இருக்கு. தெருவுல போறவன் வீட்டுச் சாவியைக் கேட்டா கொடுப்பேனா?"

"பெரியவரே, நீங்க இப்படி விவரமா பதில் சொன்னா, விவரம் இல்லாதவர்னு நான் எப்படிச் சான்று கொடுக்கிறது? கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

மருமகன் மேசைக்கு அடியில் மாமாவின் காலை மிதித்தார். மாமாவுக்கு மகளின் நினைப்பு வந்திருக்க வேண்டும். "சரி, கேட்டா சொல்லிடுவேன்" என்றார்.

"நல்லது. சொல்லுங்க."

"எதை?"

"பாஸ்வேர்டை. அப்பதானே நீங்க உண்மையிலேயே சொல்லக் கூடியவர்னு நாங்க பதிவு பண்ண முடியும்."

மாமா மருமகனைப் பார்த்தார். மருமகன் தரையைப் பார்த்தார். மாமா தாழ்ந்த குரலில் மகளைச் சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொன்னார். கேட்கவில்லை என்று ஒலிவாங்கியைக் கொண்டுவந்து அவர் வாய்க்கு முன்னால் நிறுத்தினார்கள். கூடம் முழுவதும் அந்தப் பெயர் எதிரொலித்தது. எளிமை அலுவலர் முதல்முறையாகச் சிரித்து, மாமா தேர்ச்சி பெற்றுவிட்டதாக அறிவித்தார்.

ஒரு விபத்துக்கூட இல்லாமல் ஊரையே ஏற்றி இறக்கிய மனிதர், தனக்கு ஒன்றும் தெரியாது என்று முத்திரை குத்திய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். மருமகனுக்குத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த வாரம் வாரியத்து ஆட்கள் வந்து மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனார்கள். வல்லுநர் குழு அதில் சந்தையிலுள்ள காவல் புரோகிராம்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்து, எது மாமாவுக்கு மிக எளிது என்று கண்டுபிடிக்குமாம். அன்று சாயங்காலம் மாமா வெறும் மேசைக்கு முன்னால் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கணினிதான் போயிற்று, குரலையாவது கேட்கலாம் என்று மருமகன் தன் கைபேசியில் மாமாவின் மகளைக் கூப்பிட்டார். 'நீங்கள் அழைக்கும் நபர் பாதுகாப்பாக இருக்கிறார். தொடர்புகொள்ள இயலாது' என்று ஒரு பதிவுக் குரல் சொல்லிவிட்டு அணைந்தது. மாமாவின் கைபேசியிலும் அதே குரல். பக்கத்து வீட்டுக்காரரின் கைபேசியை வாங்கிக் கூப்பிட்டார். அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரராலும் யாரையும் கூப்பிட முடியவில்லை. அந்த வீட்டுக்காரர் இவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

மருமகன் வாரியத்துக்குப் போய்க் கேட்டதும் எளிமை அலுவலர் விளக்கினார். "தொற்றுத் தடுப்பு. உளவு மென்பொருள் இருக்கிற கணினியோட தொடர்பு வச்சிருந்த எல்லா எண்களையும் ஒதுக்கி வச்சிருக்கோம். வாசல்லயே சம்மதம் கொடுத்தீங்களே."

"மேடம், அந்தப் பொண்ணுக்கு இது பிரசவ நேரம். அவ அப்பா சாப்பிடாம உட்கார்ந்திருக்கார்."

"பிரசவம் சுகாதாரத் துறை. நீங்க பயப்படாதீங்க, அவங்க அனுப்புறது எதுவும் வீணாகாது. எல்லாம் எங்களுக்கு வந்துடும். தனியா ஒரு பிரிவு உட்கார்ந்து ஒண்ணுவிடாம படிக்குது."

"படிச்சுட்டு அவர்கிட்ட கொடுப்பீங்களா?"

"கொடுக்கிறதுக்கு இன்னும் பிரிவு தொடங்கல. இப்போதைக்குப் படிக்கிற பிரிவுதான் இயங்குது."

இப்படியே நாள்கள் போயின. டாக்டர் சொன்ன பிரசவத் தேதியும் தாண்டிப் போனது. மாமா முகச்சவரம் செய்துகொள்வதை விட்டுவிட்டார். மருமகன் யார் வீட்டுக்கோ திரை அளக்கப் போய், ஜன்னலை விட்டுவிட்டுக் கதவை அளந்து வந்தார். கடைசியில் முடிவு தெரிந்துவிட்டது, வல்லுநர் குழுவின் அறிக்கையைக் கேட்க வரவும் என்று வாரியத்திலிருந்து ஆள் வந்தான்.

குழுத் தலைவர் சந்தன நிறக் கோட்டும் அதற்குப் பொருத்தமான கர்வமும் அணிந்திருந்தார். மேசையைச் சுற்றி ஆறேழு வல்லுநர்கள் அவர் தலையாட்டும் திசையில் தலையாட்டக் காத்திருந்தார்கள்.

"எளிமைங்கிறது என்ன?" என்று தலைவர் கேட்டார். பதில் அவரிடமே இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. "கம்ப்யூட்டர் தெரியாத ஒரு உறவினருக்கு எது வேணும்? ஒண்ணு, தானாவே உள்ள வந்து உட்காரணும். ரெண்டு, கேள்வி கேட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாது. மூணு, இருக்கிற இடமே தெரியக் கூடாது. நாலு, அவர் தெரியாத்தனமா அழிக்கப் பார்த்தாலும் அழியக் கூடாது. அஞ்சு, அவர்மேல சதா ஒரு கண் வச்சிருக்கணும். சந்தையில இருக்கிற அத்தனையும் போட்டுப் பார்த்தோம். எல்லாம் தோத்துடுச்சு. ஒண்ணு கேள்வி கேக்குது. ஒண்ணு புதுப்பிக்கச் சொல்லுது. ஒரே ஒரு மென்பொருள்தான் எல்லாத்துலயும் முழு மதிப்பெண் வாங்கிச்சு. நாங்களே அசந்துட்டோம். ஆச்சரியம் என்னன்னா, அது உங்க மாமாவோட கணினியில ஏற்கெனவே இருந்துச்சு."

திரைச்சீலைக்காரருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயா, அதுதானே அந்த உளவு புரோகிராம். அதை ஒழிக்கத்தானே நாங்க உங்ககிட்ட வந்தோம்."

"அது உங்க கோணம்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "நாங்க எந்த மென்பொருளையும் பழைய பேரை வச்சு ஒதுக்கறதில்லை. திறமையைத்தான் பார்க்கிறோம். தயாரிப்பாளர்கிட்ட பேசணும்னு நினைச்சோம். கடிதம் அனுப்பறதுக்கு முன்னாடியே பதில் வந்துடுச்சு. எங்க எல்லார் பேரும் தெரிஞ்சு வச்சிருந்தார். எனக்கு முட்டி வலின்னு என் சம்சாரத்தைத் தவிர யாருக்கும் தெரியாது, அவர் அதைக்கூட விசாரிச்சார். இவ்வளவு அக்கறையான ஆளை நான் என் பணிக்காலத்துல பார்த்ததில்லை."

வல்லுநர்கள் நெகிழ்ந்தார்கள்.

"ஐயா, இதுல பாதுகாப்பு எங்க இருக்கு?"

"பாதுகாப்பா?" தலைவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். மேசையைச் சுற்றி வந்து பார்வை தலைவரிடமே திரும்பியது. "இது எளிமைப் பிரிவு. பாதுகாப்புப் பிரிவு பக்கத்துக் கட்டடம்."

திரைச்சீலைக்காரர் பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினார். பாதுகாப்புக் காரணங்களுக்காக யாருக்கும் அனுமதி இல்லை என்று அங்கே கதவில் எழுதியிருந்தது.

எளிமைச் சான்று வழங்கும் விழாவை வாரியத்தின் பெரிய அரங்கில் வைத்தார்கள். இனி விவரம் தெரியாத உறவினர் உள்ள எல்லா வீட்டிலும் அந்த மென்பொருள் கட்டாயம் என்ற அறிவிப்பும் அன்றைக்குத்தான். முதல் பயனர் என்ற முறையில் மாமாவுக்கு மேடையில் நாற்காலி. அவர் வர மறுத்தார். வந்தால் கணினியைத் திருப்பித் தருவார்கள் என்று மருமகன் கெஞ்சிய பிறகுதான் எழுந்தார். மேடை நடுவே மடிக்கணினி சிவப்பு ரிப்பன் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணினியில் தெரிவதெல்லாம் பின்னால் இருந்த பெரிய திரையிலும் தெரியும்படி ஏற்பாடு.

குழுத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. வாரியம் பிறந்த கதை, தான் பிறந்த கதை, எளிமைக்காகத் தான் பட்ட சிக்கல்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. முன்வரிசையில் இரண்டு அதிகாரிகள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். பிறகு தலைவர் குரலைக் குழைத்துக்கொண்டார்.

"இந்த மென்பொருள் எவ்வளவு நெருக்கமா இருந்து பார்த்துக்குதுங்கிறதுக்கு ஒரே ஒரு உதாரணம். நம்ம பெரியவருக்குப் போன செவ்வாய்க்கிழமை பேத்தி பிறந்திருக்கா. அவர் பொண்ணு அனுப்பின செய்தியை எங்க படிக்கிற பிரிவு முழுசா படிச்சுது. குழந்தை அழற வீடியோவைக் குழுவே உட்கார்ந்து பார்த்தோம். எங்கள்ல பலருக்குக் கண் கலங்கிடுச்சு."

அரங்கம் கைதட்டியது. தூங்கியவர்களும் எழுந்து தட்டினார்கள்.

மாமா எழுந்து நின்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மருமகன் கீழே முதல் படியில் ஏறி அவரைப் பிடிக்கத் தயாராக நின்றார். பேத்தி பிறந்த செய்தியை ஊருக்கெல்லாம் கடைசியில் தாத்தாவுக்குச் சொல்கிறார்களே என்று மருமகன் கொதித்தார். தலைவரின் சந்தன நிறக் கோட்டைப் பிடித்து உலுக்கலாமா என்று பார்த்தார்.

"குழந்தை இருக்கட்டும்" என்றார் மாமா. "என் பொண்ணு எப்படி இருக்கா?"

தலைவர் எளிமை அலுவலரைப் பார்த்தார். அலுவலர் எழுந்துவந்து அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் தலையசைத்துவிட்டு மாமாவிடம் திரும்பினார்.

"அது உங்க பொண்ணோட தனிப்பட்ட விவரம் ஐயா. அடுத்தவங்களோட தனிப்பட்ட விவரத்தை நாங்க யாருக்கும் வெளியிடறதில்லை. அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

அதற்கும் கைதட்டல் எழுந்தது. மாமா தலைவரை அப்படியே விட்டுவிட்டு மடிக்கணினி இருந்த மேசைக்குப் போனார். ரிப்பனை ஒதுக்கிவிட்டு, அந்தச் சின்ன விளக்குக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார்.

"தம்பி, நீ யாருன்னு எனக்குத் தெரியாது. இத்தனை நாளா பார்த்துக்கிட்டுதானே இருக்கே. உன்கிட்டதான் கேக்கணும் போலிருக்கு. என் பொண்ணு எப்படிடா இருக்கா?"

பெரிய திரையில் கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'நல்லா இருக்காங்க ஐயா. பிரஷர் இறங்கிடுச்சு. நேத்து எழுந்து நடந்தாங்க. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க.'

மாமா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மருமகன் மேடையேறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். குழுத் தலைவர் இருவரையும் தாண்டிக்கொண்டு வந்து மறுபடி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"எல்லாரும் தயவுசெய்து கவனிக்கணும்" என்றார். "பயனர் ஒரு பொத்தானைக்கூட அழுத்தல."